கிரேவியின் பத்து நகங்கள்

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிரேவியின் பத்து விரல் நுனிகளையும் வெட்டிவிடுவது என்று முடிவாகி, அந்த முடிவு ஒரு சின்னச் சீட்டாக ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுதியவள் டெஸ்ஸா. குண்டு குண்டான கையெழுத்து. 'பூனை. வியாழன் 8.00. முதல் நாள் ராத்திரி பத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது.' சீட்டின் தலையில் சூரியகாந்திப் பூ வடிவத்தில் ஒரு காந்தம்.

பால் எடுக்கப் போகும்போதெல்லாம் டோரீன் அதைப் படித்தாள். படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தாள்.

கிரேவி அவளுடைய பூனை. ஆறு வயது, சாம்பல் நிறம், ஒரு காது நுனி மட்டும் யாரோ கடித்துத் துப்பியது போல இருக்கும். ஃபோர்ட் வேன் நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் அவளும் அதுவுமாக இருந்தார்கள். பிப்ரவரி மாதம், ஐம்பத்தேழு வயதில், டோரீன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு வெர்னனின் வீட்டுக்கு வந்தாள். இரண்டு சூட்கேஸ், ஒரு தையல் மெஷின், ஒரு பூனை.

வெர்னன் நல்ல மனிதன். லாரிக்குச் சக்கர அச்சு செய்யும் தொழிற்சாலையில் முதல் ஷிஃப்ட். குரல் உயர்த்திப் பேசியதில்லை. பனி கொட்டினால், டோரீன் எழுந்திருக்கும் முன்பே அவள் கார்க் கண்ணாடியைச் சுரண்டி வைத்திருப்பான். ஒரே ஒரு குறை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் திறக்க மாட்டான்.

அவன் வீட்டு வரவேற்பறையில், ஜன்னலைப் பார்த்தபடி, அந்த நாற்காலி இருந்தது.

கத்தரிப்பூ நிறம். பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாயும், காலுக்குப் பலகை நீளும். வெர்னனின் முதல் மனைவி பெவர்லி கடைசி எட்டு மாதம் அதில்தான் தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டியது. உயிர் போனதும் அதிலேயேதான். நாலு வருஷமாக யாரும் அதில் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை.

பெவர்லிக்கும் வெர்னனுக்கும் பிறந்த மகள் டெஸ்ஸாவுக்கு முப்பத்து மூன்று வயது. நாலு தெரு தள்ளி ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. தினமும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தன்னிடமிருக்கும் சாவியால் திறந்துகொண்டு வருவாள். நாற்காலியைத் துணியால் துடைப்பாள். அதன் கைமேல் கிடக்கும் பின்னல் போர்வையை உதறி மறுபடி மடிப்பாள். போய்விடுவாள்.

கிரேவி வந்த இரண்டாவது வாரம், அந்த நாற்காலியின் முன் மூலையில் எழும்பி நின்று, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி, சுகமாக நாலு கோடு இழுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் உருளைக்கிழங்கு மசியலின் மேல் கோழி நூடுல்ஸ். டெஸ்ஸா இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

"அப்பா, நீ அதைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்மா."

"பார்த்துட்டு நூடுல்ஸ் சாப்பிடறே."

"ஆறிடுமே."

"அது அம்மாவோட நாற்காலிப்பா!"

டோரீன் தொண்டையைச் செருமினாள். "தப்புதான் டெஸ்ஸா. நான் அதுக்கு வேற இடம் பழக்கிடறேன். பூனைக்குக் கீறாம இருக்க முடியாது. நாம சோம்பல் முறிக்கிற மாதிரிதான் அது. நல்ல கம்பம் ஒண்ணு வாங்கி வெச்சா..."

"பூனைக்கு நீங்க வக்கீல். சரி. நாற்காலிக்கு யாரு வக்கீல்?"

டெஸ்ஸா அவளை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வாள். அந்த மரியாதையில் ஐஸ் கட்டியிருக்கும்.

"என்கூடப் படிச்சவ ஒருத்தி மிருக டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. கேட்டுட்டேன். நகத்தை எடுத்துடலாம். ஒரு நாள் வேலை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்துடும், தொல்லை விட்டுது."

டோரீனின் கை மேஜையை விட்டு இறங்கியது.

"நகத்தை எடுக்கறதுன்னா நகத்தை மட்டும் எடுக்கறதில்லை டெஸ்ஸா. நகம் முளைக்கிற கணுவையே எலும்போட நறுக்கறது. இதோ, இங்கே." தன் ஆள்காட்டி விரலின் கடைசி மூட்டில் கட்டைவிரலை வைத்துக் காட்டினாள். "முன்னங்கால் பத்து விரல்லயும்."

"சாப்பிடறப்ப வேண்டாமே," என்றான் வெர்னன்.

டோரீனுக்கு அது வெறுமனே கேள்விப்பட்ட சங்கதி இல்லை, கண்ணால் பார்த்தது. முப்பது வயதில், முதல் கல்யாணம் முறிந்து, குடியேறிய அடுக்குமாடியின் வாடகைப் பத்திரத்தில் எழுதியிருந்தது: நகம் எடுத்த பூனைகளுக்கு மட்டும் அனுமதி. அப்போது டைனா என்று ஒரு கறுப்புப் பூனை. எல்லோரும் செய்வதுதானே என்று டோரீன் கையெழுத்துப் போட்டாள். கட்டோடு திரும்பி வந்த டைனா, அதன் பிறகு சாகும்வரை, சுடுகிற தோசைக்கல்லில் நடப்பது போலத்தான் நடந்தது. மணல் தட்டில் கால் வைக்க வலித்ததால் கம்பளத்தில் போயிற்று. கீற முடியாததால் கடித்தது. கட்டிலில் ஏறத் தாவி, பிடி கிடைக்காமல் விழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்பது வருஷம் டோரீன் அதைப் பார்த்தாள்.

"நான் பழக்கிடறேன்," என்றாள் மறுபடி. "எனக்குக் கொஞ்சம் நாள் குடு."

டெஸ்ஸா யோசித்தாள். கெட்டவள் இல்லை அவள். "அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன். அதுவரைக்கும் புதுசா ஒரு கோடு விழலைன்னா நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். விழுந்துதுன்னா போறோம். சரியாப்பா?"

இரண்டு பெண்களும் வெர்னனைப் பார்த்தார்கள். அவன் நூடுல்ஸைப் பார்த்தான்.

"சரி," என்றான்.

யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

*

பதினோரு நாள்.

டோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலை ஆறே காலுக்குக் கிளம்பினால் மதியம் மூன்றே காலுக்குத் திரும்புவாள். கூட வேலை செய்யும் நோர்மா வாழ்க்கையில் மூன்று கணவர்களையும் பதினான்கு பூனைகளையும் பார்த்தவள். அடுப்பிலிருந்து உருளை வறுவல் தட்டுகளை இழுத்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"கம்பத்தை எங்கே வெச்சிருக்கே?"

"துணி துவைக்கிற ரூம்ல."

"அங்கே அதை யாரு பாக்கப் போறா, சோப்புத்தூளா? நாற்காலிக்குப் பக்கத்துல வைடி. தூங்கி எழுந்ததும்தான் பூனை கீறும். நிமிர்ந்தா கண்ணுல படணும். ஆடாம நிக்கணும். அது முழுசா நீட்டி நிக்கற உயரம் இருக்கணும்."

"டெஸ்ஸா மதியம் வந்து அது மேல தண்ணி பீச்சறா, நோர்மா. பாட்டில்ல."

"பீச்சினா கீறறதை விடாது. அவ இருக்கறப்ப கீறறதை விடும். என் ரெண்டாவது புருஷன் குடியை விட்ட மாதிரி."

டோரீன் சணல் கயிறு சுற்றிய கம்பத்தை நாற்காலியை ஒட்டி நிறுத்தினாள். அடியில் கனமான பலகை வைத்து ஆணி அடித்தாள். கிரேவி அதைத் தொட்டபோதெல்லாம் ஒரு துணுக்கு மீன் கொடுத்தாள். நகங்களின் கூர் முனையை வெட்டினாள். பூனைக்கு அந்த வாசனை ஆகாது என்று நாற்காலியின் அடியில் ஆரஞ்சுத் தோல் போட்டாள். புதன்கிழமைக்குள் கம்பத்தில் சணல் பிசிறு பறந்தது. நாற்காலியில் ஒன்றுமில்லை.

டெஸ்ஸா தினமும் மதியம் நாற்காலியைப் போனில் படம் எடுத்து அப்பாவுக்கும் டோரீனுக்கும் அனுப்பினாள். வார்த்தை ஒன்றும் இருக்காது. படம் மட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டோரீன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது கிரேவி நாற்காலிக்குக் கீழே விரித்திருந்த கம்பளத்தில் இரண்டு கையாலும் ஆசையாகப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கோடு விழுவதற்குள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். இன்று நான் இருந்தேன். திங்கட்கிழமை காலையில் யார் இருப்பார்கள்?

சனிக்கிழமை காலை வெர்னன் தேவாலயத்தில் ஆண்கள் கூடிச் சாப்பிடும் காலை விருந்துக்குப் போனான். டோரீன் கிரேவியைத் துண்டில் சுற்றி மடியில் போட்டாள். நோர்மா கொடுத்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்தாள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசாக, கண்ணாடி போன்ற மெத்தென்ற உறைகள். விரலை அழுத்தினால் நகம் வெளியே வரும். உறைக்குள் ஒரு துளி பசை. மாட்டி, கொஞ்சம் பிடித்துக்கொண்டால் இறுகிவிடும். வலி கிடையாது. ஒரு மாதம் தாங்கும். அதன் பிறகு எதில் பிறாண்டினாலும் கோடு விழாது. நிறமில்லாததால் கிட்டத்தில் பார்த்தாலும் தெரியாது.

பத்தாவது விரல் முடிந்ததும் கிரேவி அவளை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை.

டோரீன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டெஸ்ஸா சிரிப்பாள்: பூனைக்கு நகப்பூச்சா? வியாழக்கிழமை காலை நாற்காலி முழுசாக இருக்கும். அப்போது பாதத்தைத் தூக்கிக் காட்டலாம். பாரு, வெட்டத் தேவையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரத்துக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மூன்றே காலுக்குக் கதவைத் திறந்தபோது, நாற்காலியின் வலது கை கிழிந்திருந்தது.

*

மூன்று கோடுகள். நீளமாக, ஆழமாக. உள்ளேயிருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது.

டோரீன் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிரேவியைத் தூக்கி, ஒவ்வொரு விரலாக அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று... பத்து.

பத்து உறையும் இருந்தன. அசையவில்லை.

மாடியில் ஷவர் சத்தம். வெர்னன் இரண்டரைக்கு வருவான், வந்ததும் குளிப்பான். அது தினப்படி வழக்கம். டோரீன் குனிந்து கோடுகளைப் பார்த்தாள். விரலால் அளந்தாள். ஸ்கேல் வைத்துப் போட்டது போல மூன்றுக்கும் ஒரே இடைவெளி. கிரேவி போட்ட பழைய நாலு கோடு முன் மூலையில் இருந்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று பாதியில் நின்றது.

இதைப் பூனை செய்யவில்லை.

பகலில் இந்த வீட்டுக்குள் வருகிறவள் ஒருத்திதான்.

மறுநாள் மதியம் போன் அதிர்ந்தது. கிழிந்த கையின் படம். இந்த முறை அடியில் ஒரு வரி இருந்தது: 'வியாழன் போகிறோம்.'

சமையலறைப் பின்கட்டில் நோர்மா காதோரம் குனிந்தாள். "சொல்லிடு. உறை போட்டிருக்கேன், என் பூனை இல்லைன்னு சொல்லு."

"சொன்னா என்ன அர்த்தம்? 'செத்துப்போன உங்க அம்மா நாற்காலியை நீயே கிழிச்சிட்டு என் பூனை மேல போடறே'ன்னு அர்த்தம். கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆகலை, நோர்மா. வெர்னன் யார் பக்கம் நிப்பான்?"

"எந்தப் பக்கமும் நிக்க மாட்டான். நடுவுல நிப்பான். அவனை எனக்குத் தெரியும்."

"எனக்குக் கையில ஏதாவது வேணும். கண்ணால பாக்கற மாதிரி."

நோர்மா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் இருக்கில்ல? பூனை தொடாம இருக்க ஒட்டுவோமே, அது. நாற்காலி முழுக்க ஒட்டு. பூனை தொட்டா சாம்பல் முடி ஒட்டும். மனுஷங்க தொட்டா..." தோளைக் குலுக்கினாள். "அவ என்ன கோட்டு போடறா?"

"கறுப்புக் கம்பளிக் கோட்டு."

"அப்போ கறுப்பு."

அன்று மூன்றே காலுக்கு வந்து பார்த்தபோது இடது கையும் போயிருந்தது. மறுபடி மூன்று கோடு. டெஸ்ஸா மதியம் அனுப்பிய படத்தில் இடது கை முழுசாக இருந்தது. படம் எடுத்துவிட்டுக் கிழித்திருக்கிறாள் என்று டோரீன் முடிவு கட்டினாள்.

அந்தப் புத்தியை நினைத்து அவளுக்குப் பயம் வந்தது.

புதன்கிழமை விடியும் முன், வெர்னன் வேலைக்கு ஓட்டிப்போகும் சின்ன லாரி கிளம்பிய பிறகு, டோரீன் நாற்காலியின் முதுகிலும் பக்கங்களிலும் டேப்பை ஒட்டி மேல் தாளை உரித்தாள். கண்ணுக்கே தெரியவில்லை. டெஸ்ஸா துடைக்கும் இருக்கையிலும் கைகளிலும் ஒட்டவில்லை. போர்வையை மட்டும் தொடாமல் விட்டாள். பெவர்லி பின்னியது அது.

வேலையில் கை ஓடவில்லை. மதியம் வழக்கம் போல டெஸ்ஸாவின் படம் வந்தது. மூன்றே காலுக்குக் கதவைத் திறந்தவள் நேராக நாற்காலியிடம் போனாள்.

முதுகுப் பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலின் இரண்டு ஓரத்திலும் டேப் கசங்கி, அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

சாம்பல் இல்லை. கறுப்பும் இல்லை.

மஞ்சள். முட்டைக்கரு மஞ்சள். பஞ்சு போன்ற பிசிறு.

மேலே ஷவர் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை மேடையில் வெர்னனின் சாப்பாட்டுப் பெட்டி. அதன் மேல், ஒன்றன் மேல் ஒன்றாக, அவன் தினமும் கழற்றி வைக்கும் வேலைக் கையுறைகள். புசுபுசுவென்ற மஞ்சள் பருத்தி. வலது கையுறையின் உள்ளங்கையில் ஒரு பட்டை மட்டும் வழித்தெடுத்தது போல மொட்டையாக இருந்தது.

டோரீன் கையுறையை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்தாள். பிறகு கராஜுக்குள் போனாள்.

வெர்னன் ஒழுங்குக்காரன். சுவரில் துளைப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஆணி, அதைச் சுற்றி மார்க்கரால் அதன் உருவம் வரைந்திருக்கும். எது எங்கே போக வேண்டுமென்று குருடனுக்கும் தெரியும். கீழ் வரிசையில் பெவர்லியின் தோட்டச் சாமான்கள். அதில் ஒன்று, மண் கிளறுவது, கோழிக்கால் மாதிரி மூன்று வளைந்த பற்கள், பிடியில் பூப்போட்ட துணி சுற்றியது.

நடுப்பல்லில் ஒரு நூல் தொங்கியது.

கத்தரிப்பூ நிறம்.

மாடியில் ஷவர் நின்றது.

*

அன்று சாயங்காலம் டெஸ்ஸா பூனைக்கூடையோடு வந்தாள். அதற்குள் டோரீன் டேப்பையெல்லாம் உரித்து எடுத்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்: "என்கிட்ட ஒண்ணு இருந்துது, கொண்டு வந்தேன். உங்களோடது கதவு சரியா மூடலைன்னு அப்பா சொன்னார்."

"அப்பா சொன்னாரா," என்றாள் டோரீன்.

"பத்துக்கு மேல எதுவும் குடுக்காதீங்க."

"மாட்டேன்."

டெஸ்ஸா நாற்காலியைப் பார்த்தாள். கிழிசலின் மேல் கையை வைத்தாள், அடிபட்ட குழந்தையின் நெற்றியில் வைப்பது போல. இவளையா நான் சந்தேகப்பட்டேன் என்று டோரீனுக்கு வெட்கமாக இருந்தது. வெர்னன் தொலைக்காட்சியில் ஏதோ கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கோர் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

உண்மையைச் சொல்ல டோரீன் அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கக் கொடுத்தாள்.

தட்டு கழுவும்போது பக்கத்தில் நின்றாள். "ஏதாவது சொல்லணுமா வெர்னன்?"

"நாளைக்குக் குளிருமாம்," என்றான்.

படுக்கப் போகும்போது மறுபடி கேட்டாள். "கிரேவிக்கு ரொம்ப வலிக்கும்."

"மருந்து குடுப்பாங்கல்ல."

அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டான்.

*

வியாழக்கிழமை. ஏழு இருபது.

வெர்னன் அரை நாள் அனுமதி வாங்கியிருந்தான். டோரீன் விடுப்பு. பூனைக்கூடை சமையலறை மேஜையில் திறந்து கிடந்தது. வெளியே லாரி சூடேற உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ளே விடு," என்றான் அவன், பூனையைப் பார்க்காமல்.

"நீ விடு. நீதானே கூட்டிட்டுப் போறே."

அவன் கிரேவியைத் தூக்கினான். அது முட்டாள்தனமாக அவன் தாடையில் தலையை முட்டியது.

"ஒரு நிமிஷம்," என்றாள் டோரீன். "அதோட விரலை அழுத்து. இந்தக் கை. மெதுவா."

"எதுக்கு?"

"அழுத்து வெர்னன்."

அழுத்தினான். நகம் வந்தது. அதன் முனை உருண்டையாக, ஈரக் கண்ணாடி மாதிரி மின்னியது. அவன் கட்டைவிரலால் தடவினான். அடுத்த விரலை அழுத்தினான். அடுத்தது.

"என்ன இது?"

"உறை. கீற முடியாது. பத்துலயும் இருக்கு."

"எப்போ போட்டே?"

"சனிக்கிழமை காலைல. நீ விருந்துக்குப் போயிருந்தப்ப."

அவன் மனதுக்குள் நாட்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. சனி. ஞாயிறு. திங்கள். காது மடல் சிவந்தது. சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

பின்பக்கக் கதவு திறந்தது. டெஸ்ஸா. "ரெடியா? லேட்டாப் போனா வேற நாள் குடுத்துடுவா..." இருவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள். "என்னாச்சு?"

டோரீன் கிரேவியின் பாதத்தை அவளுக்கும் காட்டினாள். சனிக்கிழமை ஒட்டியதைச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை.

டெஸ்ஸாவுக்குப் புரிய மூன்று விநாடி ஆயிற்று.

"அப்போ திங்கட்கிழமை கிழிஞ்சது?"

"பூனை கிழிக்கலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இந்த வீட்டுக்கு மூணு பேர்கிட்டதான் சாவி இருக்கு." டெஸ்ஸாவின் குரல் ஏறியது. "நான் கிழிச்சேன்னு சொல்றீங்களா? எங்கம்மா நாற்காலியை நான்? நாலு வருஷமா தினமும் வந்து துடைக்கிறேன் நான்! நீங்க வந்து எத்தனை நாளாச்சு? நீங்களே கிழிச்சிட்டு..."

டோரீனின் ஏப்ரன் பையில், கராஜிலிருந்து எடுத்து வைத்திருந்த கோழிக்கால் கருவி கனத்தது. எடுத்து மேஜையில் வைத்தால் முடிந்தது. எடுக்கவில்லை. வெர்னனையே பார்த்தாள். இது நீ செய்ய வேண்டியது.

கடிகாரம் ஓடியது. வெளியே லாரி உறுமியது.

"என்னைச் சொன்னாங்கன்னு கேட்டுட்டு நிக்கிறியேப்பா! ஏதாவது சொல்லேன்!"

"நான்தான்," என்றான் வெர்னன்.

டெஸ்ஸா டோரீனை விட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நான்தாம்மா கிழிச்சேன்."

டெஸ்ஸா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

வெர்னன் பூனையைக் கீழே விடவில்லை. அதன் முதுகைப் பார்த்தே பேசினான். "தினமும் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தா நேரா அதுதான். அவ அதுல மூச்சுக்கு அடிச்சுக்கிட்டது. எட்டு மாசம். நீ மதியம் வந்து துடைச்சிட்டுப் போயிடறே. நீ பாக்கறது உங்கம்மாவோட நாற்காலி. நான் பாக்கறது..." நிறுத்தினான். "எடுத்துடலாம்னு உன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. நாலு வருஷமா வரலை. பூனை நாலு கோடு போட்டதும் தோணிச்சு. முழுசாப் போயிட்டா நீயே தூக்கிப் போடச் சொல்லுவேன்னு."

"பூனை விரலை வெட்டச் சொன்னேன்ப்பா நான்! நீ சரின்னே!"

"வியாழக்கிழமைக்குள்ள நாற்காலி ஒண்ணுமில்லாமப் போயிட்டா, அப்புறம் பூனையை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நீ விட்டுடுவேன்னு நெனச்சேன். அதான் திங்கட்கிழமையிலேருந்து..."

"எதால?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

வெர்னன் வாய் திறக்கவில்லை. டோரீனும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மாவின் தோட்டக் கருவி என்பதை அந்தப் பெண் இன்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டெஸ்ஸா ஃபிரிட்ஜிடம் போனாள். சீட்டைப் பிய்த்தாள். சூரியகாந்தி தரையில் உருண்டது. போனை எடுத்து நம்பரை அழுத்தி, "இன்னிக்கு வரலை. இல்லை, வேற நாள் வேண்டாம்," என்றாள். பிறகு வரவேற்பறைக்குப் போய், பின்னல் போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"தூக்கு," என்றாள் அப்பாவிடம்.

"எங்கேம்மா..."

"என் வீட்டுக்கு. தூக்கு."

இருவரும் தூக்கினார்கள். கனம். வாசற்படியில் இடித்தது. லாரியின் பின்னால் ஏற்றி, கயிறு கட்டினார்கள். டெஸ்ஸா திரும்பி வந்து, தன் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்ற முயன்றாள். நகம் நுழையவில்லை. கொஞ்ச நேரம் போராடிவிட்டு விட்டுவிட்டாள்.

வாசலில் டோரீனைக் கடக்கும்போது நின்றாள். "அது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து நான் வந்தப்ப தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"அவன் சொல்லட்டும்னு பார்த்தேன்."

டெஸ்ஸா தலையை ஆட்டினாள். ஒப்புக்கொண்டாளா, வெறுத்தாளா, டோரீனுக்குப் பிடிபடவில்லை.

*

வெர்னன் திரும்பி வந்தபோது எட்டேகால்.

நாற்காலி இருந்த இடத்தில் கம்பளத்தில் நாலு பள்ளம். கிரேவி அதை முகர்ந்து பார்த்தது. பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பளத்தைப் பிறாண்டியது. சத்தமில்லை. ஒரு நூல்கூட எழும்பவில்லை. பிறகு கம்பத்திடம் போய் உடம்பை நீட்டியது.

வெர்னன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "டோரீன்... தப்புப் பண்ணிட்டேன்."

"ம்."

"அவளுக்குக் கோபம் ஆறும். ஆறும்ல?"

டோரீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இந்நேரம் மயக்க ஊசி போட்டிருப்பாங்க."

"போகலையே. அதான் சொல்லிட்டேனே..."

"நான் உறை போடாம இருந்திருந்தா?"

அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"லாரி சூடேறிட்டு இருந்துது வெர்னன். நீ கூடையைத் திறந்து வெச்சிட்டு 'உள்ளே விடு'ன்னே. நான் அந்தப் பாதத்தைக் காட்டலைன்னா, எட்டு மணிக்கு நீ எங்கே இருந்திருப்பே?"

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் அறைக்குள் வந்தது.

வெர்னன் கடைசியில் பேசினான். கேள்விக்கு அல்ல. மேஜைமேல் இருந்த பூனைக்கூடையைத் தூக்கி, "இதைக் கீழே நிலவறையில கொண்டு வெச்சிடட்டுமா?" என்றான்.

டோரீன் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில், தன் காலணிகள் இருந்த இடத்தில், வைத்தாள். கூடைக் கதவைத் திறந்தே விட்டாள். உள்ளே ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள். "இங்கேயே இருக்கட்டும். எப்போ தேவைப்படுமோ."

கிரேவி வந்து கூடையை முகர்ந்தது. உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துக்கொண்டது.